தலைக்கு மேலே ஒரு ஸ்பிட்ஃபயர்: ரே ஹானா பற்றியும் லோ பாஸ் பற்றியும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்த வீடியோவில் விமானத்தை ஓட்டுவது யார்?

எந்த வீடியோ என்று தெரியாதவர்களுக்கு: அலன் டி காடனே என்ற பழைய கார் பந்தய வீரர், பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொகுப்பாளர், புல்வெளியில் நின்று கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் தூரத்தில் ஒரு புள்ளி தெரியும். அது விமானம் என்று நமக்குப் புரிவதற்குள் அவர் தலையைத் தொட்டுவிடுவதுபோலக் கடந்து போய்விடும். மனிதர் போட்ட கத்தலில் பாதி பயம், பாதி ஆனந்தம்.

ஓட்டியவர் ரே ஹானா. விமானம் எம்எச்434 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயர், அதாவது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட ஒற்றை இருக்கைப் போர் விமானம். ஓடுபாதையை ஒட்டி, தரைக்கு மிக அருகில், வேகமாகப் பறந்து போவதைத்தான் விமானிகள் லோ பாஸ் என்கிறார்கள். அதில் ஹானாவைத் தாண்டி யாரும் இல்லை என்று சொல்பவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சிதான்.

ரே ஹானா யார்?

நியூசிலாந்துக்காரர். 1928இல் ஆக்லாந்து பக்கம் பிறந்தார். 1949இல் கப்பலில் வேலை செய்துகொண்டே இங்கிலாந்து வந்து பிரிட்டனின் விமானப்படையான ராயல் ஏர்ஃபோர்ஸில் சேர்ந்தார். அதன் 'ரெட் ஏரோஸ்' வான்சாகசக் குழு 1965இல் தொடங்கியபோது முதல் அணியிலேயே இடம். அடுத்த ஆண்டே தலைவர். 1969 வரை அவர்தான் முன்னால் பறந்தார்.

அப்போது அந்தக் குழு ஓட்டியது நாட் விமானங்கள். ஆம், 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை விரட்டிப் பெயர் வாங்கிய அதே நாட். நம்மிடம் இருந்தது பெங்களூரு எச்.ஏ.எல்.லில் கட்டிய ஒற்றை இருக்கைப் போர் விமானம். அவர்களுடையது இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம்.

விமானப்படையை விட்ட பிறகு ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கில் பயணிகள் விமானம் ஓட்டினார். 1981இல் மகன் மார்க்குடன் சேர்ந்து, பழைய போர் விமானங்களைப் பராமரித்துப் பறக்கவிடும் 'ஓல்டு ஃப்ளையிங் மெஷின் கம்பெனி'யைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள டக்ஸ்ஃபோர்டு விமானத்தளம் அவர்களின் கூடாரமானது. 2005 டிசம்பர் 1 அன்று, 77 வயதில் இறந்தார். விபத்தில் அல்ல.

எம்எச்434 என்ற விமானத்துக்கு என்ன அப்படியொரு பெருமை?

அது உண்மையிலேயே போருக்குப் போன விமானம். 1943 ஆகஸ்டில் பர்மிங்காம் பக்கத்து காசில் பிரோமிச் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. முதன்முதலில் அதைப் பறக்கவிட்டுச் சோதித்தவர் அலெக்ஸ் ஹென்ஷா. அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 222ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்து, அதே மாதக் கடைசியில் தென்னாப்பிரிக்க விமானி லார்ட்னர்-பர்க் அதில் பறந்து பிரான்சின் வடபகுதியில் ஃபோக்கவுல்ஃப் 190 என்ற ஜெர்மன் போர் விமானம் ஒன்றை வீழ்த்தினார்.

போர் முடிந்ததும் அதை நெதர்லாந்து வாங்கிக்கொண்டது. ஜாவா வரை போய், அங்கே சக்கரம் இல்லாமல் வயிற்றால் தரையிறங்கி அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டது. பிறகு பெல்ஜிய விமானப்படை. அப்புறம் அங்கேயே ஒரு தனியார் நிறுவனத்தில், பீரங்கிப் பயிற்சிக்காகத் துணி இலக்கை இழுத்துக்கொண்டு பறக்கும் வேலை. ஒரு காலத்துச் சண்டைக்காரனுக்கு இதைவிட மட்டமான உத்தியோகம் இருக்க முடியாது. ஆனால் அந்த வேலைதான் அதைக் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றியது.

1969இல் ஏட்ரியன் ஸ்வையர் வாங்கினார். கேத்தே பசிபிக்கை நடத்திய ஸ்வையர் குடும்பத்துக்காரர். அந்த நிறுவனத்தில் விமானியாக இருந்த ஹானா, முதலாளியின் ஸ்பிட்ஃபயரை எழுபதுகளில் கண்காட்சிகளில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். 1983இல் ஏலத்துக்கு வந்தபோது அது ஹானா தரப்புக்கே வந்து சேர்ந்தது.

லோ பாஸில் எவ்வளவு உயரத்தில் பறந்தார்? பத்து அடி என்கிறார்களே?

யாரும் கீழே நின்று டேப் வைத்து அளக்கவில்லை. வீடியோவைப் பார்த்து அளப்பது அதைவிட மோசம். தொலைநோக்கு லென்ஸ் தூரத்தையெல்லாம் நசுக்கிக் காட்டும்; முப்பது அடியில் போவது புல்லை உரசுவதுபோலத் தெரியும். ஆனால் ஹானா விஷயத்தில் சில படங்களில் லென்ஸைக் குறை சொல்ல வழியில்லை. டக்ஸ்ஃபோர்டில் அவர் போகும்போது பின்னால் புல் மடங்கி எழுவதையும், இறக்கையின் நிழல் இறக்கைக்கு நேர் கீழேயே ஒட்டிக்கொண்டு ஓடுவதையும் பார்த்தால் போதும். நிழலுக்கும் உடலுக்கும் இடையே சந்து தெரியாது.

இன்னொரு சான்று 1988இல் கிடைத்தது. ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக, வட இங்கிலாந்தில் டீஸ் ஆற்றின் குறுக்கேயுள்ள வின்ஸ்டன் பாலத்தின் அடியில் ஸ்பிட்ஃபயரை ஓட்டிச் சென்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் ஒற்றைக் கல் வளைவுப் பாலம்; வளைவின் அகலம் 111 அடி. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் ஏறக்குறைய 37 அடி. இரண்டு பக்கமும் தாராளமாக இடமிருப்பதாகத் தோன்றும். வளைவு ஓரங்களில் இறங்கிக்கொண்டே வரும் என்பதையும், கீழே தண்ணீர், மேலே கல், பக்கத்தில் மரங்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவ்வளவு தாழப் பறப்பதில் என்ன கஷ்டம்? நேராகப் பிடித்துக்கொண்டால் போதாதா?

இந்தக் கேள்வி பிடித்த கேள்வி. கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

மணிக்கு 300 மைல் என்றால் விநாடிக்கு 134 மீட்டர். ஓடுபாதைக்கு மேல் 5 மீட்டரில் போகிறீர்கள். மூக்கு ஒரே ஒரு டிகிரி கீழே சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காக்பிட்டில் உட்கார்ந்தால் அந்தச் சாய்வு தெரியவே தெரியாது. ஆனால் விமானம் விநாடிக்கு 2.3 மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு விநாடியில் தரை. தும்மினால் போதும்.

உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் இங்கே உதவாது. அது காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்வது. அழுத்தம் ஒரு மில்லிபார் மாறினாலே முள் சுமார் 8 மீட்டர் நகர்ந்துவிடும்; 5 மீட்டரில் பறப்பவனுக்கு அந்த முள்ளால் என்ன பயன்? கண்தான் கருவி. கீழே ஓடும் புல்லைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் ஓடுபாதையின் கோடியைப் பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் இன்னொன்றும் செய்வார்கள்: கை சற்றுத் தளர்ந்தால் மூக்கு தானாக மேலே எழும்படி ட்ரிம் என்ற சமநிலைச் சக்கரத்தைத் திருகி வைத்துக்கொள்வார்கள். அதாவது தாழப் பறக்க வேண்டுமானால் கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கை இலேசாக முன்னால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தப்பு நடந்தால் வானத்தை நோக்கி நடக்கட்டும் என்ற ஏற்பாடு.

தரைக்கு அருகே இறக்கையின் ஒருவகைக் காற்றுத் தடையும் குறைகிறது. இறக்கை நீளத்தைவிடத் தாழ்வாகப் போகும்போது, முனைகளில் சுழலும் காற்றைத் தரை மட்டுப்படுத்துகிறது. விமானம் மிதப்பதுபோல இருக்கும். வேகமாகப் போகும்போது அந்தத் தடையே சிறியது என்பதால் பெரிய லாபமில்லை.

வேகம்தான் உயிர்க்காப்பு. பார்ப்பவர்களுக்கு வேகம் பயமுறுத்தும். விமானிக்கு அதுதான் வங்கியில் போட்ட பணம். இன்ஜின் அந்த நிமிடமே நின்றாலும், 300 மைல் வேகத்தை முழுக்க உயரமாக மாற்றினால் கணக்குப்படி 900 மீட்டர் வரும். காற்றும் நின்றுபோன புரொப்பெல்லரும் அதில் பெரிய பங்கைத் தின்றுவிடும். ஆனாலும் இறங்க இடம் தேடும் அளவுக்கு மிஞ்சும். மெதுவாகவும் தாழ்வாகவும் பறப்பவனிடம் அந்தப் பணம் இல்லை.

கடந்து போன பிறகு வரும் திருப்பம்தான் உண்மையில் ஆளைக் கொல்வது. இறக்கையின் பாதி நீளம் 5.6 மீட்டர். தரையிலிருந்து 5 மீட்டரில் 60 டிகிரி சாய்த்தால், கீழ்ப்பக்க முனை கிட்டத்தட்ட மண்ணில். முதலில் மேலே ஏறு, அப்புறம் சாய். கேட்க எளிது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு விநாடி பொறுப்பது எல்லோருக்கும் வராது. ஹானாவின் பறத்தலில் எனக்கு மிகப் பிடித்தது அந்தப் பொறுமைதான். வெடுக்கென்று ஒரு இழுப்பு கிடையாது. தாழ்விலிருந்து எழும் கோடு எங்கே வளைய ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது.

டி காடனேக்குச் சத்தம் கேட்டிருக்காதா? ஏன் அப்படித் திடுக்கிட்டார்?

கேட்டிருக்கும், ஆனால் குறைவாக. புரொப்பெல்லரின் இரைச்சல் அதிகம் போவது அது சுழலும் தளத்தில், அதாவது பக்கவாட்டில். நேர் எதிரே நிற்பவருக்கு விமானம் வரும்போது சத்தம் எதிர்பார்த்ததைவிடத் தணிந்திருக்கும். தலைக்கு மேல் வந்த கணத்தில் மொத்தமாக இறங்கும். போதாக்குறைக்குப் பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர் மெர்லின் இன்ஜினின் எக்ஸாஸ்ட் குழாய்கள் மூக்கின் இரு பக்கமும் திறந்தே இருக்கின்றன. சைலன்சர் என்று ஒன்று கிடையாது.

கடந்து போகும்போது சுருதி விழுவதைக் கவனித்திருப்பீர்கள். ரயில் ஹாரனில் நடப்பதுதான். ஆனால் 300 மைல் வேகத்தில் வீழ்ச்சி ஒரு ஸ்தாயிக்கும் மேலே: மேல் ஸட்ஜத்தில் வந்த சத்தம் கீழ் ஸட்ஜத்தையும் தாண்டி இறங்கிப் போகும்.

போர்க்காலத்திலும் இப்படிச் சாகசம் செய்தார்களா?

செய்தார்கள், திட்டும் வாங்கினார்கள். சண்டையில் ஜெயித்துத் திரும்புகிறவர் தளத்தின் மேல் விமானத்தை உருட்டிக் காட்டுவது மேலதிகாரிகளுக்கு அறவே பிடிக்காது. குண்டு பட்டுக் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாதே.

ஆனால் தாழப் பறந்து வரும் விமானத்தை ஆவலோடு பார்த்தவர்கள் தரைப் பணியாளர்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் இன்ஜினுக்கு ஒரு ஃபிட்டர், உடலுக்கு ஒரு ரிக்கர். இறக்கையின் முன்விளிம்பில் துப்பாக்கித் துளைகளின் மேல் சிவப்புத் துணி ஒட்டி அனுப்புவார்கள், தூசும் ஈரமும் போகாமலிருக்க. சுட்டால் துணி கிழிந்துவிடும். திரும்பி வரும்போது திறந்த துளைகளில் காற்று புகுந்து விசில் அடிக்கும். எண்ணெழுத்து கண்ணில் படுவதற்கு முன்பே, விசிலைக் கேட்டு "சண்டை போட்டிருக்கிறான்" என்று தெரிந்துகொள்வார்கள். தன் விமானம் எது, அது வந்ததா என்பது அப்புறம்தான் தெரியும். பறந்தவர்களின் நினைவுக் குறிப்புகளைப் பலர் படித்திருப்போம். புல்லில் உட்கார்ந்து காது கொடுத்துக் காத்திருந்தவர்களின் நினைவுகளைத் தேடிப் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அலெக்ஸ் ஹென்ஷா என்ன செய்தார்?

காசில் பிரோமிச்சின் தலைமைச் சோதனை விமானி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்களை அவரே சோதித்தார். ஒருமுறை ஸ்பிட்ஃபயர் நிதி திரட்டுவதற்காக பர்மிங்காம் மேயர் அவரைக் கூப்பிட்டு, நகரின் பிரதான வீதிக்கு மேல் பறந்து காட்டச் சொன்னார். ஹென்ஷா வந்தார். விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, கவுன்சில் மாளிகையின் உச்சியைவிடத் தாழ்வாகப் போனார். மேயர் தரப்புக்குக் கடும் கோபம். கேட்டது இவர்கள்தானே!

2006இல், ஸ்பிட்ஃபயரின் எழுபதாம் ஆண்டில், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஹென்ஷா இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் மறுபடி ஏறினார். அடுத்த ஆண்டு காலமானார்.

பெண் விமானிகள்?

நிச்சயம். தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி என்ற அமைப்பில் பெண்கள் பறந்தார்கள். ரேடியோ கிடையாது; மேகம் இறங்கினால் மேகத்துக்குக் கீழே தாழ்வாக, ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். அவர்களுக்குத் தாழப் பறப்பது சாகசமில்லை, அன்றாட வேலை.

மேரி எல்லிஸ் என்பவர் நானூறு ஸ்பிட்ஃபயர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். 1944இல் எம்வி154 என்ற ஸ்பிட்ஃபயரின் காக்பிட்டுக்குள், யாருக்கும் சொல்லாமல், 'வில்கின்ஸ்' என்று தன் கன்னிப் பெயரை எழுதி வைத்தார். 2017இல் நூறாவது பிறந்தநாளுக்கு அவரை இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் அழைத்துப் போனார்கள். பக்கத்தில் இன்னொரு ஸ்பிட்ஃபயர் சேர்ந்து பறந்தது. அதே எம்வி154. அடுத்த ஆண்டு 101 வயதில் மறைந்தார்.

குட்வுட்டில் நடந்ததைப் பற்றிச் சொல்லுங்கள்.

தென் இங்கிலாந்தின் குட்வுட் கார் பந்தயத் தடம் போர்க்காலத்தில் வெஸ்ட்ஹாம்ப்நெட் என்ற விமானத்தளம். இரண்டு கால்களும் இல்லாத விமானி டக்ளஸ் பாடர், 1941 ஆகஸ்டில் பிரான்சில் சிறைப்பட்டதற்கு முன் கடைசியாகப் புறப்பட்டது இங்கிருந்துதான். பழைய பந்தயங்களை மறுபடி நடத்தும் விழா 1998இல் தொடங்கியபோது, ஹானா எம்எச்434இல் வந்து தொடங்கிவைத்தார். பந்தயக் கார்கள் போகும் நேர்பாதையில், பார்வையாளர் மாடங்களைவிடத் தாழ்வாக. மாடத்தில் இருந்தவர்கள் ஸ்பிட்ஃபயரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் பொறுப்பற்ற செயல் இல்லையா?

நியாயமான கேள்வி. விடையை மழுப்ப மாட்டேன்: ஹானாவைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளும் எவருக்கும் அது பொறுப்பற்ற செயல்தான். அவர் மகன் மார்க், விமானப்படையில் ஃபான்டம் ஜெட் ஓட்டியவர், தந்தைக்குச் சளைக்காத திறமைசாலி. 1999 செப்டம்பரில் பார்சிலோனா பக்கத்து சபடெல் தளத்தில் ஹிஸ்பானோ புச்சோன் என்ற பழைய ஸ்பானியப் போர் விமானம் விபத்துக்குள்ளாகி இறந்தார். திறமை எல்லாவற்றுக்கும் காப்பு இல்லை என்பதை ஹானா வீட்டுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகும் தந்தை பறந்தார்.

2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோரம் கண்காட்சியில் ஒரு ஹாக்கர் ஹன்டர் ஜெட், செங்குத்தாக ஒரு வட்டமடித்து இறங்கும்போது உயரம் போதாமல் பக்கத்து நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த 11 பேரும் கீழே இருந்தவர்கள். பிரிட்டனில் விதிகள் அதற்குப் பிறகு இறுகின. கூட்டத்துக்கும் விமானப் பாதைக்கும் இடைவெளி, விமானிகளுக்கான தகுதிச் சான்று, எல்லாமே. ஹானா காலத்துப் படங்களைப் பார்த்துவிட்டு "இப்போது சுவாரசியமே இல்லை" என்று புலம்புகிறவர்களோடு நான் சேர்வதில்லை. அவர் பறந்தது அவருக்குத் தெரிந்த ஓடுபாதையில், கைரேகைபோலத் தெரிந்த விமானத்தில். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த பிறகு.

நமக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு சின்னத் தொடர்பு உண்டு. அன்றைய மதராஸ் மாகாணத்திலிருந்து போன போர் நன்கொடைக்கு நன்றியாக, ராயல் ஏர்ஃபோர்ஸின் சில ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் சேர்த்தார்கள். ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234ஆம் ஸ்குவாட்ரன் ஒன்று. டிஃபையன்ட் விமானங்களை ஓட்டிய 264ஆம் ஸ்குவாட்ரன் இன்னொன்று. பின்னது 1940 மே மாதத்தில் இருந்த இடம் டக்ஸ்ஃபோர்டு.

நேரில் பார்க்க வேண்டுமானால்?

டக்ஸ்ஃபோர்டுதான் முதல் தேர்வு. 1938இல் ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் படைப்பணிக்கு வந்ததே இந்தத் தளத்துக்கு, 19ஆம் ஸ்குவாட்ரனுக்கு. இப்போது இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் கிளை. விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வே ரயில் நிலையம் பக்கம்தான். கோடையில் பெரிய காட்சிகள் உண்டு. கூட்டம் பிடிக்காதவர்கள் நல்ல வெயிலுள்ள சாதாரண நாளில் போகலாம், இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயர்கள் பயணிகளோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். டெல்லி வழியாகப் போகிறவர்கள் அங்கே பாலம் என்ற பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்பிட்ஃபயரைப் பார்க்கலாம், தரையில் நிற்பதை.

படமெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டக்ஸ்ஃபோர்டில் பார்வையாளர்கள் ஓடுபாதைக்கு வடக்கே நின்று தெற்கே பார்க்க வேண்டும். நடுப்பகலில் வெயில் முகத்தில். விமானம் கறுப்பு நிழலாகத்தான் விழும். குழந்தைகளுக்குக் காது மூடி எடுத்துப் போங்கள். மெர்லினை ஸ்டார்ட் செய்யும்போது பார்வையாளர் தடுப்புக் கயிற்றுக்கு அருகே நின்றால் எக்ஸாஸ்டிலிருந்து வெள்ளைப் புகை குப்பென்று வந்து சட்டையில் எண்ணெய் வாசனை ஒட்டும். துவைத்தால் போய்விடும்.